அத்தை மகனைக் கட்டுன அக்கா பிள்ளைக்கு விரல் கணு வீங்குது. நான் மாமா மகளைக் கட்டலாமா?

பாம்பன்காத்து | பிப்ரவரி 9, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிக்கிறதோட சரி, எழுதுனது இல்ல. ஊர் தங்கச்சிமடம் பக்கம். வயசு 28. விசைப்படகுல போறேன்.

எங்க அக்கா மகளுக்கு ஏழு வயசு. நாலு வயசுல விரல் கணுவெல்லாம் தடிக்க ஆரம்பிச்சுச்சு. அப்பத்தா, "சொடக்கு எடுத்து எடுத்துத்தான் இப்படி ஆச்சு"ன்னு பிள்ளை கையில அடிக்கும். அப்புறம் நடை மாறுச்சு. வாத்து நடக்குற மாதிரி இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிள்ளைகளுக்கு வர்ற முடக்குவாதம்னு சொல்லி, ரெண்டு வருசம் வாரத்துக்கு ஒரு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூட ஸ்டீராய்டு. முகம் ஊதுனதுதான் மிச்சம். விரல் அப்படியேதான் இருக்கு.

போன வருசம் வேற ஒரு டாக்டர் முதுகெலும்பு, இடுப்பு, கை எல்லாத்தையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, "இது வாதமே இல்ல"ன்னு சொல்லி ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்புனாரு. ரிப்போர்ட்ல இருக்கறத அப்படியே எழுதுறேன்: சிசிஎன்6 ஜீன், ஹோமோசைகஸ், பேத்தோஜெனிக். நோய்ப் பேரு புரோக்ரெஸிவ் சூடோருமாட்டாய்டு டிஸ்பிளேசியா. வாய்ல நுழையல.

அக்கா கட்டுனது எங்க அப்பாவோட தங்கச்சி மகனை. எனக்கு மாமா மகளைப் பேசி முடிச்சாச்சு. பாஸ்கா (ஈஸ்டர்) முடிஞ்சு மீன்பிடித் தடைக்காலத்துல கல்யாணம்னு பேச்சு. சொந்தங்கறதால பங்குச் சாமியார் சிவகங்கை ஆயருக்கு எழுதி விதிவிலக்கு வாங்கணும்னாரு. அது வந்தா கோயில்ல ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சிருவாக. இப்ப ரிப்போர்ட்ட கேட்டதும் எங்கம்மா வேணாங்குது. மாமா வீட்டுல, "எங்க பொண்ணுக்கு என்ன குறை கண்டீக"ன்னு கோவம். நடுவுல நான். கட்டலாமா, கூடாதா?

உப்பளத்தான் | பிப்ரவரி 9, இரவு 11.02

இதுல கேக்க என்ன இருக்கு தம்பி. சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் பிள்ளை பொறக்கும்னு டிவிக்காரன்ல இருந்து நர்சம்மா வரைக்கும் கத்துறாக. கண்ணு முன்னாடி ஒண்ணு பார்த்த பொறகும் இன்னொண்ணு செய்யணுமா? அசல்ல பொண்ணு பாருங்க. முடிஞ்சது.

கீழக்கரை_உம்மா | பிப்ரவரி 10, காலை 6.15

உப்பளத்தான் காக்கா (அண்ணே), கொஞ்சம் நில்லுங்க. நான் சொந்தத்துல கட்டல. நான் கீழக்கரை, என் மாப்பிள்ளை தொண்டி. எத்தனை தலைமுறை தேடுனாலும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. என் மகனுக்கு ஒன்பது வயசுக்குள்ள பதினொரு முறிவு.

முதல் முறிவு ஏழாம் மாசத்துல. சட்டை மாத்தும்போது காலைத் தூக்குனேன், அவ்வளவுதான். தொடை எலும்பு. எக்ஸ்ரேயில பழைய முறிவு ஒண்ணு ஆறுன தழும்பும் இருந்துச்சு. டாக்டர் என் வாப்பாவை வெளிய அனுப்பிட்டு என்னைத் தனியா உக்கார வச்சு, "வீட்டுல யாராச்சும் பிள்ளையை அடிக்கிறாங்களா"ன்னு கேட்டாரு. அந்த நாற்காலி, அதுல கிழிஞ்சிருந்த ரெக்ஸின், எல்லாம் இன்னிக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

அப்புறம் ஒரு வயசான எலும்பு டாக்டர் பிள்ளையோட கண்ணைப் பார்த்ததும் சொல்லிட்டாரு. கண்ணோட வெள்ளைப் பகுதி வெள்ளையா இல்ல. சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி. நாங்க எல்லாரும் அழகா இருக்குன்னு கொஞ்சிக்கிட்டு இருந்தோம். நோய்ப் பேரு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. சிஓஎல்1ஏ1ங்கற ஜீன்ல கோளாறு. என்னோட ரத்தத்துலயும் இல்ல, அவன் வாப்பா ரத்தத்துலயும் இல்ல. பிள்ளையில புதுசா வந்தது. அந்த ரிப்போர்ட்ட பீரோவுல நகையோட வச்சிருக்கேன். "உன் வயித்துக் குறை"ன்னு நாலு வருசம் சொன்ன மாமியார் முன்னாடி விரிச்சு வச்சேன்.

அதனால சொந்தம் சொந்தம்னு ஒரே பாட்டைப் பாடாதீங்க.

உப்பளத்தான் | பிப்ரவரி 10, காலை 7.30

லாத்தா, மனசு நோகச் சொல்லல. ஆனா அதுக்காக சொந்தத்துல கட்டுறது சரின்னு ஆயிருமா?

ஜீன்_கிறுக்கன் | பிப்ரவரி 10, பகல் 1.20

நான் பிறந்தது தொண்டி, இப்போது சென்னையில் மரபியல் ஆலோசகர். உப்பளத்தான் சொல்வதும் உண்மை, லாத்தா சொல்வதும் உண்மை. இரண்டும் வேறு வேறு நோய்.

முதலில் லாத்தா மகனின் விஷயம், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அதைக் கயிறை வைத்தே சொல்லிவிடலாம். எலும்புக்குள் சுண்ணாம்பு மட்டும் இல்லை. கொலாஜன் என்ற புரதக் கயிறு உள்ளே ஓடுகிறது, அதன் மேல்தான் சுண்ணாம்பு படிகிறது. அது மூன்று புரி முறுக்கிய கயிறு. இரண்டு புரி சிஓஎல்1ஏ1 ஜீன் கொடுப்பது, மூன்றாவது புரி சிஓஎல்1ஏ2 கொடுப்பது. முறுக்கு இறுக்கமாக விழ, ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது கண்ணி தவறாமல் கிளைசினாக இருக்க வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். கயிற்றின் நடுவில் இருக்கும் இடுக்கில் அது மட்டுமே அடங்கும். ஆயிரத்துச் சொச்சம் கண்ணிகளில் ஒரே ஒரு கிளைசின் மாறி, அந்த இடத்தில் பெரிய கண்ணி ஒன்று உட்கார்ந்தால் முறுக்கு அங்கே முண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எல்லா ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி. சிஓஎல்1ஏ1 பிரதிகளில் ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. ஒரு கயிற்றுக்கு அதிலிருந்து இரண்டு புரி வேண்டும். இரண்டும் நல்லதாக அமைவது நாலில் ஒரு கயிற்றில்தான். பாக்கி முக்கால்வாசிக் கயிற்றில் குறைந்தது ஒரு கெட்ட புரி இருக்கும். நல்ல பிரதி ஒன்று இருந்தும் காப்பாற்ற முடியாமல் போவது இதனால்தான். இதற்கு டாமினன்ட் என்று பேர், ஒரு பிரதி கெட்டாலே போதும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கெட்ட பிரதி புரியே தயாரிக்காமல் சும்மா இருந்துவிட்டால் நோய் லேசாக இருக்கும். கயிறு பாதிதான் இருக்கும், ஆனால் இருப்பதெல்லாம் நல்ல கயிறு. வேலையைக் கெடுப்பவனைவிட வேலைக்கே வராதவன் தேவலை.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டு ஜீன்கள்தான். அதில் பல பிள்ளைகளுக்கு, லாத்தா மகனைப் போல, புதிதாக வந்த மாற்றம். யார் யாரைக் கட்டினார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிஆர்டிஏபி, பி3ஹெச்1, எஃப்கேபிபி10 என்று இதே நோயைத் தரும் வேறு சில ஜீன்களும் உண்டு. அவற்றில் இரண்டு பிரதியும் கெட வேண்டும், சொந்தத் திருமணங்களில் அவை கூடுதலாகத் தெரியும். அதனால்தான் கண்ணைப் பார்த்துப் பேர் வைத்தால் மட்டும் போதாது, ஜீன் தெரிய வேண்டும்.

பாம்பன்காத்து, உங்களுக்கு இரவு எழுதுகிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் அம்மாவும் அப்பாவும் சொந்தமா?

மூச்சடக்கி | பிப்ரவரி 10, மாலை 4.45

ஏர்வாடிப் பக்கம், சங்கு குளிக்கிறது எங்க பரம்பரைத் தொழில். நாலு பாகம், அஞ்சு பாகம் ஆழம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), மூச்சடக்கித்தான். புரி, கயிறுன்னு பேசுறீக, நானும் ஒண்ணு கேக்கலாமா?

நான் ஆறடி ரெண்டு அங்குலம். எங்கப்பாவும் அப்படித்தான். அவரு 41 வயசுல வள்ளத்துல சங்கு மூட்டையைத் தூக்கி வைக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சாரு. கரைக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஹார்ட் அட்டாக்னு எழுதிக் கொடுத்தாக. போன வருசம் கண்ணாடி மாத்தப் போன எடத்துல டாக்டரம்மா என் கண்ணை ரொம்ப நேரம் பார்த்துட்டு, லென்ஸ் எடம் மாறி மேல ஏறியிருக்குன்னு சொல்லி நெஞ்சுக்கு எக்கோ எடுக்கச் சொன்னாக. கண்ணுக்குப் போனா நெஞ்சுக்கு எதுக்குன்னு சண்டை போட்டேன். எக்கோவுல இதயத்துல இருந்து கிளம்புற பெரிய குழாய் 4.6 சென்டிமீட்டர் விரிஞ்சிருக்குன்னு வந்துச்சு. மார்ஃபன் நோயாம். தினம் மாத்திரை. சங்கு குளிக்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாதுன்னுட்டாக. கடல்ல எறங்காம நான் என்ன செய்ய?

எம்மகனுக்கு 12 வயசு. நெடுநெடுன்னு வளர்றான்னு எல்லாரும் சந்தோசப்படுறாக. நேத்து அவன் கட்டை விரலை உள்ள மடக்கிக் கையை மூடச் சொன்னேன். சுண்டு விரல் பக்கமா நகம் முழுசா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. எனக்கும் அப்படித்தான்.

ஜீன்_கிறுக்கன் | பிப்ரவரி 10, மாலை 5.10

அண்ணே, மகனுக்கு இந்த வாரமே எக்கோவும் கண் பரிசோதனையும் எடுங்கள். கட்டை விரல் சோதனையை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, நோயில்லாத சிலருக்கும் அப்படி நீட்டும். ஆனால் உங்களுக்கு உறுதியான நிலையில், அவனுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும்.

மார்ஃபனில் கெடுவது கொலாஜன் அல்ல, ஃபிப்ரில்லின் என்ற இன்னொரு இழை. எஃப்பிஎன்1 ஜீன், 1991ல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு வரும். அந்த இழை கண்ணில் லென்ஸைக் கட்டி நிறுத்துகிறது, ரத்தக் குழாய்ச் சுவருக்கு நெகிழ்வு தருகிறது, எலும்பு நீள்வதற்கும் கடிவாளம் போடுகிறது. ஒரே இழை மூன்று இடத்தில் வேலை செய்வதால்தான் கண் டாக்டரம்மா நெஞ்சைப் பற்றிக் கேட்டார். அவர் உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், சண்டை போட்டதற்கு ஒரு நடை போய் மன்னிப்புக் கேளுங்கள். லென்ஸ் கீழே இறங்கியிருந்தால் அவர் ஹோமோசிஸ்டினூரியா என்ற வேறொரு நோயைத்தான் முதலில் நினைத்திருப்பார். அது இரண்டு பிரதியும் கெட்டால் வருவது, சிலருக்கு பி6 வைட்டமினுக்கே கட்டுப்படும்.

இந்த நோயில் நுரையீரலும் ஓட்டை விழுந்து காற்று கசியக்கூடியது. மூச்சடக்கி ஆழத்துக்குப் போவதும், மூச்சைப் பிடித்து மூட்டை தூக்குவதும் விரிந்த குழாய்க்கு விஷம். குழாய் 5 சென்டிமீட்டரைத் தொட்டால், சிலருக்கு அதற்கு முன்பே, கிழிவதற்குள் மாற்றுக்குழாய் வைத்துவிடுவார்கள். திட்டமிட்டுச் செய்தால் நல்ல பலன். கிழிந்த பிறகு ஓடினால் பல பேருக்கு நேரம் கிடைப்பதில்லை. உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

உப்பளத்தான் | பிப்ரவரி 10, மாலை 5.40

மூச்சடக்கி, உங்கப்பாரு சொந்தத்துலயா கட்டுனாரு?

மூச்சடக்கி | பிப்ரவரி 10, மாலை 5.52

இல்ல. எங்கம்மா திருச்செந்தூர்ப் பக்கம்.

உப்பளத்தான் | பிப்ரவரி 10, மாலை 5.55

ம்.

பாம்பன்காத்து | பிப்ரவரி 10, இரவு 9.30

கடலுக்குப் போய்ட்டு இப்பத்தான் படிக்கிறேன். ஜீன் அண்ணே, நீங்க கேட்டதுக்கு: ஆமா. எங்கம்மா எங்கப்பாவுக்கு அத்தை மகதான். அதாவது எங்க ஐயாவோட (அப்பாவைப் பெத்தவரு) தங்கச்சி மக. ஐயா இல்ல, இறந்துட்டாரு. அப்பத்தா இருக்கு, 74 வயசு. அது மூக்கையூர்ல இருந்து வந்தது, ஐயாவுக்கு எந்த வகையிலயும் சொந்தம் கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும், இதுக்குச் சம்பந்தமான்னு தெரியல. பிள்ளையைப் பார்த்துக்க அக்காவுக்கு ஒத்தாசை வேணும்னு, எங்க தங்கச்சியை அதே வீட்டுக்கு, அத்தானோட தம்பிக்குக் கொடுக்கலாம்னு அப்பாவும் அத்தையும் பேசிட்டு இருக்காக. அதுல யாருக்கும் எந்தச் சண்டையும் இல்ல.

ஜீன்_கிறுக்கன் | பிப்ரவரி 10, இரவு 11.15

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் தம்பி. வீட்டில் சண்டை நடக்கிற கல்யாணத்தைவிட, சண்டை நடக்காத கல்யாணத்தில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் அக்கா மகளுக்கு வந்திருப்பது இரண்டு பிரதியும் கெட்டால் மட்டுமே வருகிற நோய். ரிசஸிவ் என்பார்கள். ஒரு பிரதி மட்டும் கெட்டவருக்கு ஒன்றுமே தெரியாது, ஆயுசுக்கும் வலை இழுப்பார். அவரைக் கேரியர் என்கிறோம். அக்காவும் கேரியர், அத்தானும் கேரியர். ரிப்போர்ட்டில் ஹோமோசைகஸ் என்றிருப்பதற்குப் பொருள், இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம். இருவருக்கும் ஒரே மாற்றம் என்றால், அது பொதுவான முன்னோர் ஒருவரிடமிருந்து இரண்டு கிளையாக இறங்கி, பிள்ளையிடம் மறுபடி சேர்ந்திருக்கிறது. அக்காவுக்கும் அத்தானுக்கும் பொது யார்? உங்கள் ஐயாவும் அப்பத்தாவும். இருவரில் ஒருவரிடமிருந்து வந்தது.

உங்கள் கல்யாணம்: நீங்கள் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு. மாமா மகளுக்கு? மாற்றம் அப்பத்தா வழி என்றால் மாமா குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஐயா வழி என்றால், அவர் தங்கச்சிக்கு பாதி, அந்தத் தங்கச்சி மகனான மாமாவுக்குக் கால், பொண்ணுக்கு அரைக்கால் (எட்டில் ஒன்று). எந்த வழி என்று தெரியாத இப்போதைக்கு அதிலும் பாதி, 16ல் 1. இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. பெருக்கினால் தோராயமாக 128ல் 1.

தங்கச்சி கல்யாணம்: தங்கச்சி கேரியராக இருக்கப் பாதி. அத்தான் தம்பிக்கும் பாதி. பிள்ளைக்கு நாலில் ஒன்று. 16ல் 1. எட்டு மடங்கு.

இரண்டுமே "சொந்தம்"தான். உறவின் பெயர் வேறு, ஜீன் இறங்கிய பாதை வேறு.

உப்பளத்தான் | பிப்ரவரி 11, காலை 6.50

தம்பி கணக்கு புரியுது. ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லுங்க. அக்காக்காரி அத்தை மகனைக் கட்டாம இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காதுல்ல?

ஜீன்_கிறுக்கன் | பிப்ரவரி 11, காலை 8.05

கிட்டத்தட்ட நிச்சயமாக வந்திருக்காது. இந்த நோயில் உங்கள் பேச்சு சரி. பொதுவாகவும், எந்தத் தம்பதிக்கும் 100க்கு இரண்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பிறவிக் கோளாறு வரலாம் என்றால், அத்தை மாமா மக்களைக் கட்டுவதில் அதற்கு மேல் இன்னொரு இரண்டு, மூன்று கூடும். அக்கா மகளைக் கட்டும் தாய்மாமனுக்கு உறவு இரட்டிப்பு நெருக்கம், அபாயமும் அதற்கேற்ப. பாம்பன்காத்து வீட்டைப் போல இரண்டு தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டினாலும் நெருக்கம் ஏறும். நான் சொந்தக் கல்யாணத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கெட்டது வந்தால் சொந்தம், நல்லது வந்தால் சாமி என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பிசியோ_மண்டபம் | பிப்ரவரி 11, பகல் 2.30

கல்யாணக் கணக்கு நடக்கட்டும். அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இந்த நோயில் வீக்கம் என்று தெரிவது வீக்கமே இல்லை. தொட்டுப் பாருங்கள், சூடு இருக்காது, மெத்தென்று இருக்காது, எலும்பாகக் கெட்டியாக இருக்கும். குருத்தெலும்பு சரியாகப் பராமரிக்கப்படாமல் எலும்பு முனைகள் அகலமாகிவிடுகின்றன. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் நார்மலாக இருக்கும். பெயரிலேயே "சூடோ" என்று இருக்கிறது, போலி வாதம். இந்தியாவில் இது பல குடும்பங்களில் பதிவாகியிருக்கிறது, முடக்குவாதம் என்று வருசக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு வருவதும் வழக்கமாக நடப்பதுதான். பழைய மருந்தை இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால் இப்போதைய டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். ஸ்டீராய்டை மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதற்குத் தனி மருந்து கிடையாது. மூட்டு இறுகுவதைத் தள்ளிப்போடுவதுதான் வேலை. தரையில் சம்மணம், குத்த வைத்து உட்காருவது இரண்டும் இடுப்புக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இடம் கேளுங்கள், வீட்டில் உயரக் கக்கூஸ் போடுங்கள். பெரியவளானதும் இடுப்பு மூட்டு மாற்ற வேண்டி வரலாம், சிலருக்குச் சின்ன வயதிலேயே. புத்தியில் ஒரு குறையும் வராது, ஆயுளும் குறையாது. நீச்சல் கற்றுக்கொடுங்கள். உடம்பு எடை மூட்டில் விழாமல் தசை வலுப்பெற அதைவிட நல்லது எதுவும் இல்லை. கடலுக்கு அம்பது அடியில் வீடு இருக்கும், பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. இதை நான் பத்து வீட்டில் பார்த்துவிட்டேன்.

கீழக்கரை_உம்மா | பிப்ரவரி 11, இரவு 8.20

பிசியோ தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. என் மகனும் கடல்லதான் காலை ஊனப் பழகுனான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எலும்புக்கு ஜோலிட்ரோனிக் ஆசிட் டிரிப் போடுறோம். போட ஆரம்பிச்ச பொறகு முறிவு குறைஞ்சிருக்கு. தொடையில எலும்பு வளர வளர நீளுற கம்பி வச்சிருக்கு.

ஜீன் தம்பி, எனக்கும் ஒரு கேள்வி. எங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்லைன்னா அடுத்த பிள்ளைக்கு வரவே வராதா? ஒரு டாக்டர் வராதுங்குறாரு, ஒருத்தர் வரலாம்ங்குறாரு.

ஜீன்_கிறுக்கன் | பிப்ரவரி 11, இரவு 9.00

லாத்தா, வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ரத்தத்தில் இல்லாத மாற்றம், அப்பா அல்லது அம்மாவின் விந்து, முட்டை தயாராகும் செல்களில் ஒரு பங்கில் மட்டும் இருக்கலாம். அதை ரத்த டெஸ்ட் பிடிக்காது. இரண்டு டாக்டர்களும் சொல்வதன் நடுவில் உண்மை இருக்கிறது. மகனின் மாற்றம் இன்னதென்று எழுத்தில் இருப்பதால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். நகையோடு அந்த ரிப்போர்ட்டை வைத்திருப்பது வீண்போகாது.

இந்த நோய்க்கான டிரிப் சிகிச்சை 2021ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. விண்ணப்பிக்கவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

பாம்பன்காத்து | பிப்ரவரி 12, காலை 5.10

அண்ணே, மாமா மககிட்ட ரத்தம் கொடுன்னு எப்படிக் கேக்குறது? கேட்ட மறுநாளே ஊர் பூரா அவளுக்கு நோய்னு ஆயிரும்.

பிசியோ_மண்டபம் | பிப்ரவரி 12, காலை 9.45

நல்ல வேளை, இதை நீங்களே கேட்டீர்கள். நானும் பெண்தான், ஆறு வருசம் முன்பு என் ஜாதகத்தோடு என் அக்காவின் மெடிக்கல் ஃபைலையும் சேர்த்துக் கேட்ட வீடு ஒன்று இருந்தது. ஜீன்_கிறுக்கன் டெஸ்ட் டெஸ்ட் என்று எழுதுவதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜீன்_கிறுக்கன் | பிப்ரவரி 12, பகல் 12.30

பதில்: அவளைக் கேட்கவே வேண்டாம், இப்போதைக்கு. முதலில் நீங்கள் கொடுங்கள் தம்பி. உங்களிடம் அந்த மாற்றம் இல்லையென்றால் இந்த நோயைப் பொறுத்தவரை யாரைக் கட்டினாலும் கவலை இல்லை. இருந்தால், அடுத்தது பொண்ணு இல்லை, அப்பத்தா. அப்பத்தாவிடம் அது இருந்தால் ஐயா வழி அடைபட்டுவிடும், மாமா வீட்டை யாரும் தொட வேண்டியதில்லை. ஐயாவும் அப்பத்தாவும் சொந்தமில்லாதவர்கள், இரண்டு பேருமே கேரியராக இருப்பது மிக அபூர்வம்.

பிள்ளையின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய், அதில் உள்ள அந்த ஒரே இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஜீன் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, செலவும் அதைவிட எவ்வளவோ குறைவு. தங்கச்சிக்கும் சேர்த்துக் கொடுங்கள், ஆனால் அவளிடம் விளக்கிச் சொல்லி, அவள் சரி என்றால் மட்டும்.

நெறியாளர் | பிப்ரவரி 13, காலை 10.00

தனி மடலில் சிலர் பாம்பன்காத்துவிடம் பொண்ணு வீட்டு விவரம் கேட்பதாகப் புகார். ஒருமுறை எச்சரிக்கை, அடுத்த முறை கணக்கு மூடப்படும்.

மூச்சடக்கி | மார்ச் 2, இரவு 7.15

மகனுக்கு எக்கோ எடுத்தாச்சு. குழாய் இப்போதைக்கு அளவுக்குள்ளதான் இருக்கு. ஆனா ஒரு கண்ணுல லென்ஸ் லேசா நகர்ந்திருக்கு. ஜீன் டெஸ்ட்டும் அனுப்பியிருக்காக. வருசா வருசம் எக்கோ எடுக்கணுமாம். டாக்டரம்மாவைப் பார்த்து ரெண்டு கிலோ நண்டு கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டு அப்புறம் வாங்கிக்கிட்டாக. நான் இப்ப கரையில சங்கு தரம் பிரிக்கிறேன். கை தரம் பிரிக்குது, கண்ணு கடலைத்தான் பார்க்குது.

பாம்பன்காத்து | ஏப்ரல் 4, இரவு 11.20

ரொம்ப நாளாச்சு. எல்லாருக்கும் பதில் கடமைப்பட்டிருக்கேன்.

நான் கேரியர். தங்கச்சியும் கேரியர்.

அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போறதுதான் பெரும்பாடு. 74 வயசுலயும் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கடல்பாசி எடுக்க முங்குற மனுசி. "எனக்கென்னடா நோவு, ஊசி எதுக்கு"ன்னு கேட்டுச்சு. பிள்ளைக்காகன்னு சொன்னதும் ஒண்ணும் பேசாம முந்தானையை உதறிக்கிட்டுக் கிளம்பிருச்சு. அதோட கை விரல் பூராம் பாறை கிழிச்ச காயம், துணி சுத்தி வச்சிருக்கு. ரத்தம் எடுத்த பொண்ணு பயந்துருச்சு.

அப்பத்தாகிட்ட அது இருக்கு. மூக்கையூர்ல இருந்து வந்தது. மாமா வீட்டுல யாரையும் கேக்க வேண்டியதில்லைன்னு எங்க டாக்டரும் அதையேதான் சொன்னாரு. பொதுவா சொந்தத்துக்குன்னு இருக்குற அபாயம் இருக்கத்தான் செய்யுதுன்னும் சொன்னாரு. நானும் மாமா மகளும் ரெண்டு பேருமா அவருகிட்டப் போய்க் கேட்டுக்கிட்டோம், அவளே வந்தா. விதிவிலக்கும் வந்துருச்சு. பாஸ்கா கழிச்சு முதல் ஓலை.

ரிசல்ட்ட அப்பத்தாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு வாரம் மறைச்சேன். அதுவா கேட்டுச்சு, "என்கிட்ட இருந்துதானா?" ஆமான்னேன். அன்னிக்குப் பாசிக்குப் போகல.

தங்கச்சி விசயம் இன்னும் முடியல. அத்தை கோவமாத்தான் இருக்கு. அத்தான் தம்பி குவைத்துல இருக்கான், ஆகஸ்ட்ல லீவு. போன்ல பேசுனேன். "வந்ததும் கொடுக்குறேன் மாப்ள, அதுவரைக்கும் பேச்சை நிறுத்தி வைங்க"ன்னான். தங்கச்சி, ரிசல்ட் எதுன்னாலும் நான் யோசிச்சுத்தான் சொல்வேன்னுருச்சு. அப்பா முதல் தடவையா அதுக்கு ஒண்ணும் சொல்லல.

உப்பளத்தான் | ஏப்ரல் 5, காலை 6.10

தம்பி, கல்யாணத்துக்குச் சொல்லு, வாலிநோக்கத்துல இருந்து வர்றேன். அப்பத்தாகிட்ட யாராச்சும் சொல்லுங்கப்பா, அது அவுக ஆத்தாகிட்ட இருந்தோ அப்பன்கிட்ட இருந்தோ வாங்குனதுதான்னு. அவுகளும் யார்கிட்டயோ வாங்குனதுதான.

பிசியோ_மண்டபம் | ஏப்ரல் 5, காலை 9.20

பிள்ளைக்கு நீச்சல்?

பாம்பன்காத்து | ஏப்ரல் 5, இரவு 8.50

தடைக்காலம் 15ஆம் தேதி ஆரம்பிக்குது அக்கா, 61 நாள் நான் கரையிலதான. ஆனா எனக்கு முன்னாடி அப்பத்தா ஆரம்பிச்சிருச்சு. நேத்துல இருந்து காலையில பிள்ளையை வடக்குக் கடல்ல இடுப்பளவு தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகுது. நடை சாயுறது தண்ணிக்குள்ள தெரியல.